வீடியோ கேம் உலகங்கள்: ரசிகர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள், எதில் குறை சொல்கிறார்கள்?

தீம் பார்க்கின் ஒரு பகுதியையே வீடியோ கேமில் வரும் ஊர் போலக் கட்டிவிடுவதுதான் 'கேம் உலகம்'. 2021இல் ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பானில் திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டு நல்ல உதாரணம். நின்டெண்டோ நிறுவனத்தின் மரியோ கேமில் வரும் ஊர்தான் அங்கே. பச்சைக் குழாய் வழியாக உள்ளே போகிறோம். கைப்பட்டை கட்டிக்கொண்டு, கேள்விக்குறி போட்ட மஞ்சள் பெட்டியைக் கீழிருந்து குத்தினால் நம் கணக்கில் நாணயம் சேரும்.

ரசிகர்கள் சொக்கிப்போவது இங்கேதான். சினிமாவை உட்கார்ந்து பார்த்தோம். கேமில் நாமே ஓடினோம், குதித்தோம். அதனால் இங்கேயும் கை சும்மா இருக்காது. பொம்மையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கும் கையில் எடுத்து விளையாடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

குறை? அந்தப் பட்டைக்குத் தனிக் காசு, அப்புறம் கூட்டம். முதல் குறை எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் பட்டை வாங்காவிட்டால் அங்கேயுள்ள 'மரியோ கார்ட்' என்ற கார் பந்தய சவாரியில் ஏற்ற மாட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தாராளமாக ஏறலாம்.