ஹப்புத்தளையிலிருந்து எல்லவுக்கு: முதலில் திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து கொழும்புக்கு வேலை மாறி வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், தீபாவளியையொட்டிய வார இறுதியில் மனைவி, நான்கு வயது மகள், தாயார் ஆகியோருடன் மலைநாட்டு ஊரான ஹப்புத்தளையில் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கப்போவதாகவும், அங்கிருந்து வாடகைக் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு எல்லவுக்குப் போய் அன்றைக்கே திரும்ப எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். “இருபது கிலோமீட்டர்தானே அக்கா, பத்து மணிக்குக் கிளம்பி, சாயங்காலம் வரை சுற்றிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் சரியாக இருக்கும் அல்லவா?” என்றும் கேட்டிருந்தீர்கள். சரியாக இருக்காது. பத்து மணிக்குப் புறப்படுவது தாமதம். இருட்டியபின் அந்த வீதியில் திரும்புவது அதைவிடப் பெரிய தவறு. நீங்கள் கேட்ட மற்றவற்றைக் கடைசியில் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

தூரம் நீங்கள் சொன்னதுதான், 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹப்புத்தளையிலிருந்து ஏ16 வீதியில் பண்டாரவளை. அதைத் தாண்டிக் கும்பல்வெலச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் ஏ23 வீதி உங்களை எல்லவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வீதி மோசமானதல்ல, வெயில் நாளில் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். ஆனால் ஹப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, எல்லவோ ஏறத்தாழ 1,000 மீட்டரில் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுங்கள். மொத்தத்தில் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். காலையில் தெளிந்த வானத்தின் கீழ் இறங்குகிற நீங்கள், மாலையில் களைத்துப்போன நிலையில், நீங்கள் ஏற ஏறத் தடித்துக்கொண்டே வரும் மூடுபனிக்குள் வண்டியைச் செலுத்த வேண்டியிருக்கும். ஆகவேதான் இந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது புறப்படும் நேரத்தைப் பிறகு யோசிக்கலாம், எத்தனை மணிக்கு ஹப்புத்தளையில் திரும்ப இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்கிறேன். என் கணக்கில் அது பிற்பகல் மூன்றரை மணி.

உங்கள் அலுவலக நண்பர் ஆகஸ்டில் போய்வந்து ஒரு துளி மழையும் காணவில்லை என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது உண்மை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, இந்த ஊர்கள் அடங்கிய ஊவா மாகாணப் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும் காலம் அது. உயர்தரமான ஊவாத் தேயிலை கிடைப்பதும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்தக் காய்ந்த காற்றில்தான். ஒக்டோபர், நவம்பர் அப்படியல்ல. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களில் காலை பளிச்சென்று விடியும், பகல் ஒன்று, இரண்டு மணிக்குமேல் மேகம் திரளும், பிறகு இடியோடு பெய்யும். போதாததற்கு ஹப்புத்தளை மலைத்தொடரின் இடைவெளியில் அமர்ந்திருக்கும் ஊர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்த கோவைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை; தெற்கே கீழ்நாட்டிலிருந்து எழும் ஈரக்காற்று அந்த இடைவெளி வழியாக ஊருக்குள் நுழையும்போது சில நிமிடங்களில் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை மறைந்துவிடும். அந்த மாதங்களில் ஆறு மணிக்கு முன்பே சூரியனும் போய்விடும். மழை, மூடுபனி, இருட்டு மூன்றும் சேர்ந்து வரும் நேரத்தையே உங்கள் திட்டம் திரும்புவதற்காக ஒதுக்கியிருக்கிறது.

மண்சரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று காலை, ஹப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தைப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வீடுகள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் மண்ணுக்குள் போயின. அங்கே இறந்தவர்கள் நம் மொழி பேசிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார். உங்கள் பயணமும் அதே மாதங்களில், அதே மலைத்தொடரில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. முந்திய நாள் இரவும் அன்று காலையும் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல ஆகிய மூன்று பெயர்களையும் அதில் பாருங்கள். செம்மஞ்சள் என்றால் போக வேண்டாம். குழந்தை அழுதாலும் போக வேண்டாம். வழியில் மேட்டுப்பக்கத்திலிருந்து தெளிவாக வழிந்துகொண்டிருந்த நீர் திடீரெனச் சேறாக வந்தாலோ, வீதியில் புதிய வெடிப்பைக் கண்டாலோ, மின்கம்பம் சாய்ந்திருந்தாலோ அந்த இடத்தில் நின்று படம் எடுக்காமல் விலகிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிஸ் அவசர எண் 119, இலவச அம்புலன்ஸ் 1990 ஆகியவற்றை உங்கள் தொலைபேசியில் மட்டுமல்லாமல் அம்மாவின் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

வாடகை வண்டி விடயத்தில் நான் கண்டிப்பானவள். அதற்குக் காரணம் இருக்கிறது. நான் 1999இல் தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்து தேயிலை ஏற்றுமதி நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். கொழும்பில் தங்குவதற்கே பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்த போர்க்காலம் அது. வந்த ஆண்டே நவம்பரில் பண்டாரவளைப் பக்கத் தொழிற்சாலை ஒன்றின் இருப்பைச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். வாடகை வேனைக் கொடுத்தவர் டயரும் வைப்பரும் புதியவை என்று கையில் அடித்துச் சொல்லியிருந்தார். ஹப்புத்தளையைத் தாண்டியதும் மழையும் பனியும் ஒன்றாக இறங்கின. வைப்பர் ரப்பர் நடுவே பிளந்து கண்ணாடியில் ஈரத்தை இழுத்துப் பூசிக்கொண்டிருந்தது. உள்ளே காற்றூதி வேலை செய்யாமல் எங்கள் மூச்சே ஆவியாகப் படிந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இருந்தது. சாரதி இறங்கி, ஒரு பீடியைப் பிரித்து, அந்தத் தூளைக் கைக்குட்டையில் நனைத்துக் கண்ணாடி முழுவதும் தேய்த்தார். நீர் துளியாக நிற்காமல் பரவி ஓடிற்று, ஓரளவு தெரிந்தது. அதற்குள் தோட்டத்திலிருந்து குடை பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கையில் டோர்ச்சுடன் வேனுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். சோதனைச் சாவடியில் சிப்பாய் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் எனக்காக மறுமொழி சொன்னவரும் அவர்தான். பணம் நீட்டினேன். வாங்க மறுத்து, தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பனங்கட்டியோடு பால் சேர்க்காத பிளேன்ரீ கொடுத்தார். கொழும்பு திரும்பிய மறுமாதமே சிங்கள வகுப்பில் சேர்ந்தேன். இன்று ஊவாவில் எந்தக் கராஜிலும் எந்தப் பொலிஸ் நிலையத்திலும் யார் துணையும் இல்லாமல் பேசி வேலையை முடித்துக்கொண்டு வருகிறேன், அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆகவே வண்டியை எடுக்கும்போது வெளிப்பூச்சையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வைப்பரைத் தூக்கி ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். நான்கு டயர்களோடு மேலதிகச் சக்கரத்தையும் பாருங்கள். கண்ணாடியின் ஆவியை அகற்றும் காற்றூதியை ஓடவிட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கிடைப்பது அநேகமாக ஒரு ஹைபிரிட் டொயோட்டாவாக இருக்கும். கியர் நெம்புகோலில் ‘D’க்கு அருகே ‘B’ என்றொரு நிலை உண்டு (நிறுத்தும்போது போடும் ‘P’ அல்ல). நீண்ட இறக்கத்தில் அதைப் போட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் அவ்வளவாகச் சூடேறாது. ஊரில் இதைப் பழகியிருக்க மாட்டீர்கள், கொழும்பில் ஒரு பாலத்து இறக்கத்திலாவது பழகிக்கொள்ளுங்கள். மூடுபனிக்குள் முன்விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள்; உயர்த்தினால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பனியைக் கண்டதும் இருபக்கச் சமிக்ஞை விளக்குகளையும் மின்னவிட்டுக்கொண்டே ஓடும் வழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. அதைப் பின்பற்ற வேண்டாம். நிற்கும் வண்டி எது, திரும்பும் வண்டி எது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகிறது.

தொலைபேசி வரைபடம் சில வேளை குறுக்குவழி என்று தோட்டப் பாதைக்குள் உங்களைத் திருப்பும். ஏ16, ஏ23 வீதிகளை விட்டு இறங்காதீர்கள். தோட்டப் பாதைகள் லொறிக்கும் டிரக்டருக்குமாகப் போடப்பட்டவை, எதிரே ஒன்று வந்தால் பின்னோக்கிப் போக இடம் இருக்காது. எல்லவுக்கு அப்பால் இராவணா நீர்வீழ்ச்சி சில கிலோமீட்டர்தான், அதுவரை காலையிலேயே போய்வரலாம், குளிக்க மட்டும் இறங்க வேண்டாம். அதைத் தாண்டி வெல்லவாயப் பக்கம் செங்குத்தாக இறங்கும் வீதியில் போகாதீர்கள்: 2025 செப்டெம்பர் 4 இரவு அங்கே ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 15 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள்.

இங்கு வரும் நம்மவர்களில் பலர் கொழும்பில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையே வாழ்ந்துகொண்டு, ஊரில் ஓட்டியதைப் போலவே இங்கும் ஓட்டுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. இங்கே பாதசாரிக் கடவையில் ஒருவர் காலை வைத்தால் வண்டி நிற்க வேண்டும். நிற்காதவனைப் பொலிஸ் பிடிக்கும். தேவையில்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டே போவது மரியாதைக் குறைவு. வெள்ளை இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்தினால் அடுத்த வளைவில் பொலிஸ் நிற்கும். அனுமதிப்பத்திரத்தைப் பறித்துக்கொண்டு தண்டச் சீட்டைக் கொடுப்பார்கள், தபால் நிலையத்தில் பணம் கட்டிப் பற்றுச்சீட்டோடு அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய்த்தான் பத்திரத்தை மீட்க வேண்டும் என்பதே நெடுங்கால நடைமுறை. 2025 முதல் இணையவழியில் கட்டும் வசதி படிப்படியாக வருகிறது என்றாலும், பண்டாரவளைக்கு மறுபடி ஒருநாள் போய்வரும் நிலையை நீங்களாக வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

வழி கேட்க வேண்டிவந்தால் தோட்டத்து மக்களிடம் கேளுங்கள். வீதியின் நிலைமை வரைபடத்துக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். ஆனால் தமிழைக் கேட்டவுடன் “நீங்கள் இந்தியாவில் எந்த ஊர்?” என்று ஆரம்பிக்காதீர்கள். நம் ஆட்களிடம் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. அவர்களுடைய முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் இரு நாடுகளுக்கும் பிரிக்கப்பட்டு, எஞ்சியவர்கள் பல்லாண்டு காத்திருந்து இந்த நாட்டின் உரிமையைப் பெற்றவர்கள். அந்தக் கேள்வி அவர்களை மறுபடியும் அந்நியராக்குகிறது. “அண்ணே, பண்டாரவளைப் பக்கம் மழை எப்படி?” என்று கேளுங்கள், போதும்.

என் யோசனை இதுதான். காலை ஆறரைக்கு ஹப்புத்தளையை விடுங்கள். பண்டாரவளையில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுப் பெற்றோலை நிரப்பிக்கொண்டு எட்டரைக்குள் எல்லவில் இருங்கள்; அப்போதுதான் வண்டியை நிறுத்த இடமும் கிடைக்கும். 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரத்தை நிலையத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். பாதை சரிவானது, அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் மேலிருந்து பார்ப்பதே போதும். பன்னிரண்டுக்கு மதிய உணவு, ஒன்றரைக்குப் புறப்பாடு. ஒன்றரை மணிக்கு வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் புறப்பட்டுவிடுங்கள். சூரியன் மறைவதை ஹப்புத்தளையிலிருந்தே, பனி விட்டால், பார்த்துக்கொள்ளலாம்.

தங்கும் இடம் நண்பருடையது என்பதால் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் வாடகை வீடு, மகளுக்குப் பாடசாலை, ஊருக்குப் பணம் அனுப்புவது ஆகியவற்றைத் தீபாவளி கழிந்து வீட்டுக்கு வாருங்கள், இருந்து பேசுவோம். ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: இந்திய உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது, விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது. இங்கே ஓட்டுவதற்கான அனுமதியைப் பெற, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வெரஹெர அலுவலகத்துக்கு இந்த வாரமே ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கடவுச்சீட்டு, விசா, உரிமம் ஆகியவற்றின் மூலங்களோடும் பிரதிகளோடும் காலையிலேயே போய்விடுங்கள்.