ரத்தம் வேகமாக ஓடினால் மூளைக்கு நல்லதுதானே?

கேள்வி: மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடித்ததால் என் அப்பாவுக்கு (58) ஆபரேஷன் செய்து கிளிப் போட்டிருக்கிறார்கள். இன்று ஏழாவது நாள், ஐ.சி.யு.வில் இருக்கிறார். கண் திறக்கிறார், பேசுகிறார். தினமும் நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி ஒரு கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். நேற்று, ‘வேகம் 140, ஏறியிருக்கிறது’ என்று டாக்டர் கவலையோடு சொன்னார். ரத்தம் வேகமாக ஓடுவது நல்லதுதானே? வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
- வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், அம்மா. ஆனால் அந்தக் கருவி காட்டுவது ரத்தத்தின் வேகத்தை மட்டும். எவ்வளவு ரத்தம் போகிறது என்பதை அல்ல. டியூப்பின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறும், குடம் நிறைய மட்டும் நேரமாகும். குழாய் வெடித்துக் கசிந்த ரத்தம், பக்கத்துக் குழாய்களை உறுத்திச் சுருங்க வைக்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு தொடங்கி, ஏழிலிருந்து பத்தாம் நாள்வரை உச்சத்தில் இருக்கும். உங்கள் அப்பா இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்.

கருவியின் பெயர் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர். 1982-ல் நார்வேயைச் சேர்ந்த ரூன் ஆஸ்லிட் குழுவினர் அறிமுகப்படுத்தியது. பொட்டெலும்பு மெலிதாக இருப்பதால் ஒலியலை உள்ளே நுழைந்துவிடும். டாக்டர் அதை இம்மி இம்மியாகச் சாய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், ‘உஷ்... உஷ்...’ என்ற சத்தம் எங்கே தெளிவாகக் கேட்கிறது என்று தேடுகிறார். சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, எலும்பு தடித்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. மற்றபடி ஊசியோ கதிர்வீச்சோ இல்லை, கட்டிலை நகர்த்தவும் வேண்டாம்.

மூளையின் நடுத் தமனியில் சராசரி வேகம் வழக்கமாக நொடிக்கு 60 சென்டிமீட்டர் போல இருக்கும். 120-ஐத் தாண்டினால் சுருக்கம் இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். 200-ஐத் தாண்டினால் கடுமையான சுருக்கம். ஆனால் காய்ச்சலும் ரத்தசோகையும்கூட வேகத்தை ஏற்றும். அதனால் கழுத்துத் தமனியோடு ஒப்பிடுகிறோம். அதைவிட மூன்று மடங்குக்கு மேல் என்றால்தான் சுருக்கம் என்ற சந்தேகம் வலுக்கும். ஒரு நாள் எண்ணைவிட, நாளுக்கு நாள் எப்படி ஏறுகிறது என்பதே எனக்கு முக்கியம்.

எண்ணைவிடப் பெரிய சாட்சி உங்கள் அப்பாதான். பேச்சு குழறுகிறதா, ஒரு கை தளர்கிறதா, வழக்கத்தைவிட அசந்து தூங்குகிறாரா என்று பார்வை நேரத்தில் கவனியுங்கள். லேசாகத் தோன்றினாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். இந்தச் சுருக்கத்தால் மூளைக்கு வரும் பாதிப்பைக் குறைக்க நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் நிமோடிபின் மாத்திரை வழக்கமாக 21 நாள் தொடரும். அதற்காக ராத்திரியில் எழுப்பினால் வருத்தப்படாதீர்கள். சுருக்கத்தின் அறிகுறி தெரிந்தால், ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியும் வைப்பார்கள்.

எம்.ஆர்.ஐ.க்காக மட்டும் இப்போது இடம் மாற்ற வேண்டாம். வழியில் ரத்த அழுத்தம் சற்று இறங்கினாலே மூளைக்கு ஆபத்து. சந்தேகம் வந்தால் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். மருந்துக்குக் கட்டுப்படாத சுருக்கத்தை, தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி விரிக்க முடியும். அந்த வசதி அங்கேயே இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால், தேவைப்பட்டால் எங்கே, எந்த ஆம்புலன்ஸில், எந்த டாக்டர் கூட வருவார் என்பதை இப்போதே அவர்களோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.