பிசிஏ முதலாண்டில் 60 பேர் இருக்கும் வகுப்பை மாணவர் மையமாக நடத்த முடியுமா?

கேட்டிருப்பவர் பெங்களூரு கல்லூரி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். முதல் செமஸ்டரில் சி என்ற கணினி நிரல் மொழி, வகுப்பில் 60 பேர், போர்ஷனும் முடிய வேண்டும். இதற்கிடையில் மாணவர் மையக் கற்பித்தல் நடக்கிற காரியமா என்கிறார். நானும் இதே ஊரில் இதே பாடத்தைத்தான் எடுக்கிறேன். நடக்கும். ஆனால் ஆளுக்கொரு தலைப்பு கொடுத்து செமினார் எடுக்கச் சொல்வதும் சார்ட் ஒட்டச் சொல்வதும் அதில் சேராது. ஒருவர் முன்னால் நின்று ஒப்பிப்பார், மற்ற 59 பேர் மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றைத்தான். எந்த ப்ரோக்ராமையும் ஓட்டிக் காட்டுவதற்கு முன்னால், அது என்ன செய்யும் என்று வகுப்பில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, போர்டில் ஐந்து வரி எழுதுவேன். எக்ஸ் = 5. ஒய் = 8. எக்ஸ் = ஒய். ஒய் = எக்ஸ். கடைசி வரியில் இரண்டையும் அச்சிட வேண்டும். அவுட்புட் என்ன? 8, 5 என்றால் ஒரு விரல்; 8, 8 என்றால் இரண்டு; 5, 5 என்றால் மூன்று; எரர் வரும் என்றால் நான்கு. ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் நெஞ்சோடு சேர்த்து விரலைக் காட்ட வேண்டும். முதல் சுற்றில் பெரும்பாலும் ஒற்றை விரல்தான் அதிகம். பள்ளிக் கணக்கில் சமக்குறிக்கு இரு பக்கமும் ஒன்று என்றே படித்து வந்தவர்கள், இங்கே அது வலப்பக்க மதிப்பை இடப்பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும், வரிகளும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகின்றன என்பதை இன்னும் மனதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

விடையை நான் சொல்வதில்லை. "வேற விரல் காட்டினவங்களைப் பிடிங்க, பேசிச் சம்மதிக்க வையுங்க" என்று விட்டுவிடுவேன். ஓசூரிலிருந்து வரும் இரண்டு பெண்கள் தமிழில் சண்டை போடுவார்கள்.

"எக்ஸ்ல இருந்த அஞ்சு எங்கடி போச்சு?"

"அதான் ஒய்க்குப் போயிடுச்சே."

"எப்பப் போச்சு? மூணாவது வரியிலயே எட்டு வந்து உக்காந்துடுச்சு. நாலாவது வரி ஓடும்போது அஞ்சு எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்."

பின் பெஞ்சில் இதே சண்டை கன்னடத்தில் நடக்கும். தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறார்கள், சரி. யோசிப்பதையாவது வாய்க்கு வந்த மொழியில் யோசிக்கட்டும். மூன்று நிமிடம் கழித்து மறுபடி விரல் காட்டச் சொன்னால் பாதிக்கு மேல் இரண்டு விரலுக்கு வந்திருப்பார்கள். அதன் பிறகுதான் ஓட்டிக் காட்டுவேன். "அப்ப அந்த அஞ்சை முதல்லயே வேற எங்கயாவது எடுத்து வைக்கணும் மிஸ்" என்று யாராவது சொல்வார்கள். இரண்டு மதிப்புகளை இடம் மாற்ற மூன்றாவது வேரியபிள் (மதிப்பை வைக்கும் இடம்) எதற்கு என்று நான் தனியாக நடத்த வேண்டிய பாடம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் தன் முதலாண்டு வகுப்புக்காக உருவாக்கிய முறை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நான்கு கணினிப் பாடங்களை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வந்தது. வழக்கமான விரிவுரையில் சராசரியாக 20 சதவீதம் பேர் தோற்ற இடத்தில், இந்த முறையில் 7 சதவீதம் பேர்தான் தோற்றிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் சுற்றிலேயே முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொல்லிவிட்டால் கலந்து பேச வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கிட்டத்தட்ட எல்லோருமே தவறு என்றாலும் பேச விட்டுப் பயனில்லை, நீங்களே ஒரு முறை விளக்கிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

போர்ஷன்? கணினியின் தலைமுறைகள், இன்புட் சாதனங்கள், வரையறைகள் இவற்றையெல்லாம் டிக்டேட் செய்வதை நிறுத்துங்கள், நேரம் தானாகக் கிடைக்கும். அவற்றை அவர்களே படித்துக்கொள்வார்கள். சத்தம் கேட்டு துறைத் தலைவர் (ஹெச்ஓடி) எட்டிப் பார்ப்பார். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

உண்மையான அநியாயம் லேபில்தான் நடக்கிறது. சிபிஎஸ்இயில் பைதான் படித்து வந்தவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அரசுப் பள்ளியில் கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ படித்து, கீபோர்டையே இங்கு வந்துதான் தொட்டவர்கள், ரெக்கார்டில் இருப்பதை எழுத்தெழுத்தாகப் பார்த்து டைப் அடிப்பார்கள். எனக்கு இது மனதை மிகவும் உறுத்துகிற விஷயம். அதனால் ஒரு கணினிக்கு இரண்டு பேரை உட்கார வைக்கிறேன். ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் அடிக்க வேண்டும். சொல்லாததை அடிக்கக் கூடாது. கால் மணிக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். கெட்டிக்காரரையும் புதியவரையும் சேர்த்து உட்கார வைக்காதீர்கள், கீபோர்டு கெட்டிக்காரர் கையிலேயே தங்கிவிடும். ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவர்களைச் சேருங்கள்.

முதல் மாதம் முழுக்க, சரியான ப்ரோக்ராமின் வரிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வேன். நியூசிலாந்தைச் சேர்ந்த டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் 2006-ல் அறிமுகப்படுத்திய பயிற்சி இது. வரி முடிவில் போட வேண்டிய செமிகோலன் விட்டுப்போச்சா என்று தேடும் தொல்லை இல்லாமல், எந்த வரி எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதில் மட்டும் மூளை ஓடும்.

விரல் காட்டுவதற்கு மட்டும் மார்க் போடாதீர்கள். மார்க் என்றால் நன்றாகப் படிக்கிறவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று பார்த்துத்தான் மற்றவர்களும் காட்டுவார்கள். இன்டர்னல்ஸில் கொஞ்சம் மார்க்கை வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, ஒதுக்குங்கள். சீட்டு எடுத்து, மனப்பாடம் செய்த ப்ரோக்ராமைப் பிழையில்லாமல் ஓட்டிக் காட்டினாலும், லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்) ஒரு வரியை மாற்றிவிட்டு "இப்ப என்ன வரும்?" என்று ரன் அழுத்துவதற்கு முன்னால் கேளுங்கள். அந்த மார்க்கை அதற்குப் போடுங்கள்.