எது நகரம், எத்தனை பேர்? வாசகர் கேள்வி – பதில்

மக்கள்தொகை, நகர எல்லை, அண்டை நாடுகளின் கணக்கு முறை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: சென்னையின் மக்கள்தொகை ஒரு புத்தகத்தில் 46 லட்சம், இன்னொன்றில் 67 லட்சம், வேறொன்றில் 86 லட்சம், இணையத்தில் 1 கோடிக்கு மேல். பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?
— வாசகி, பெரம்பூர்

நான்கையும் சொல்லிக்கொடுங்கள். எல்லையோ கணக்கு முறையோ ஒவ்வொன்றிலும் வேறு.

2011 கணக்கெடுப்பின்போது மாநகராட்சியின் பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் எண்ணப்பட்டவர்கள் 46,46,732 பேர். அதே ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், ஆலந்தூர் உட்பட 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சேர்ந்து பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆனது. 2011-இன் தலைக்கணக்கையே புது எல்லைக்குள் கூட்டிப் பார்த்தால் சுமார் 67 லட்சம். புதிதாக ஒருவர்கூடக் குடிவராமல் 20 லட்சம் கூடிவிட்டது!

86 லட்சம் என்பது கணக்கெடுப்புத் துறை வகுத்த 'நகரத் திரள்'. மாநகராட்சியோடு கட்டடங்கள் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தாம்பரம், பல்லாவரம், ஆவடி போன்ற ஊர்களையும் சேர்த்த எண் அது. ஒரு கோடியைத் தாண்டிய எண் ஐ.நா.வின் மக்கள்தொகைப் பிரிவு 2018-இல் வெளியிட்ட மதிப்பீடு. அது வீடு வீடாக எண்ணியதல்ல, பழைய கணக்கெடுப்புகளின் வளர்ச்சி வேகத்தை நீட்டிக் கணித்தது.

இவை தவிர இன்னோர் எல்லையும் உண்டு. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022-இல் 5,904 ஆக விரிந்தது. அதற்குள் வயலும் ஏரியும் நிறைய. அந்தப் பரப்பை எடுத்து மாநகராட்சி மக்கள்தொகையை வகுத்து 'சென்னையின் நெருக்கம்' என்று போடுகிற கட்டுரைகள் வருகின்றன. மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை என்றால் விடைக்குப் பொருளே இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும் எல்லையையும் எழுதும் பழக்கத்தைப் பிள்ளைக்கு இப்போதே ஏற்படுத்துங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் நகரவாசிகள் 48 சதவீதம், இலங்கையில் 18 சதவீதம்தான் என்று படித்தேன். கொழும்பைப் போய்ப் பார்த்தவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். அவ்வளவு வித்தியாசமா?
— போட்டித் தேர்வு மாணவர், அண்ணாநகர்

நம்ப மறுப்பவர்கள் சொல்வதுதான் சரி. வித்தியாசத்தில் பெரும்பங்கு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இலங்கையில் மாநகர சபை, நகர சபை இரண்டின் எல்லைக்குள் இருப்பவர்கள் மட்டுமே நகரவாசிகள். முன்பு மூன்றாவதாகப் பட்டின சபை என்றொன்று இருந்தது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தோடு பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் கரைந்துபோயின. பிரதேச சபை என்றால் கணக்கில் கிராமம். கடைத்தெரு, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, அங்கே குடியிருந்தவர்கள் ஒரே நாளில் கிராமவாசிகள் ஆனார்கள். 1981-இல் 21.5 சதவீதமாக இருந்த நகரப் பங்கு 2012-இல் 18.2 ஆகக் குறைந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். மக்கள் ஊரைவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பியதாக இதைப் படித்துவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியும் அடுத்துள்ள கொக்குவிலும் மாநகரத்தோடு ஒட்டியவை. சந்தையும் நெரிசலும் மாநகரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவை நல்லூர் பிரதேச சபையைச் சேர்ந்தவை, ஆகவே கணக்கில் கிராமம். கொழும்பைச் சுற்றி களனி, ஹோமாகம பக்கமும் இதே கதைதான். கொழும்பு மாநகர சபை எல்லை சுமார் 37 சதுர கிலோமீட்டர், 2012-இல் சுமார் 5.6 லட்சம் பேர். தெகிவளை–கல்கிசை, கோட்டை, மொறட்டுவை தனித்தனி மாநகர சபைகள். நம் ஊர்போல் 'நகரத் திரள்' என்று கூட்டிச் சொல்லும் வழக்கம் அங்கே கணக்கெடுப்பில் இல்லை.

இன்னொரு தனித்தன்மை: இலங்கையில் பிரிவுகள் இரண்டல்ல, மூன்று. நகரம், கிராமம், பெருந்தோட்டம். 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், 10 தொழிலாளர்களாவது தங்கியிருப்பதும் இருந்தால் அது தோட்டப் பிரிவு. 2012-இல் நாட்டின் 4.4 சதவீதம் மக்கள் இதில் வந்தார்கள். மலையகத்து லயன் (தோட்டத் தொழிலாளர் வீட்டு) வரிசைகளில் வீட்டுக்கு வீடு நெருக்கம் எவ்வளவு இருந்தாலும் அவை நகரக் கணக்கில் ஏறுவதில்லை. மலையகத் தமிழரின் வாழ்நிலையைத் தனியே அளக்க இந்தப் பிரிவு உதவுகிறது என்பதால் அதை ஒழிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் நாடுகளை ஒப்பிடும்போது மறக்கக் கூடாது.

சரி, நம் 48 சதவீதத்தில் என்ன இருக்கிறது? 2011-இல் தமிழ்நாட்டில் 1,097 நகரங்கள். அதில் 721 சட்டப்படியானவை. அவற்றிலும் மிகப் பெரும்பான்மை பேரூராட்சிகள். மீதி 376 ஊராட்சி நிர்வாகத்திலேயே இருந்துகொண்டு, கணக்கெடுப்புத் துறையின் அளவுகோலால் நகரமாக எண்ணப்பட்டவை. இலங்கை கைவிட்ட பட்டின சபைக்கு நேர் இணை நம் பேரூராட்சி. இலங்கை விதியைத் தமிழ்நாட்டுக்குப் போட்டால் பேரூராட்சிகளும் அந்த 376-உம் வெளியே போய்விடும். தேர்வில் இரண்டு சதவீதங்களையும் எழுதுங்கள், 'இரண்டும் ஒரே அளவுகோலில் இல்லை' என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: ஒரகடம் பக்கம் எங்கள் ஊர் ஊராட்சிதான். ஆனால் கணக்கெடுப்பில் 'நகரம்' என்று வரலாம் என்கிறார்கள். நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?
— வாசகர், படப்பை

முடியும். அளவுகோல் மூன்று: மக்கள்தொகை குறைந்தது 5,000; சதுர கிலோமீட்டருக்கு 400 பேர்; ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 சதவீதம் விவசாயமல்லாத வேலை. மூன்றும் சேர்ந்தே தேற வேண்டும்.

கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் ஊர்வாரியான முதன்மைச் சுருக்க அட்டவணை இலவசமாகக் கிடைக்கும். பரப்பளவு அதில் இருக்காது. மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: ஊரில் 5,600 பேர், பரப்பு 6 சதுர கிலோமீட்டர். நெருக்கம் 933, தேறிவிட்டது. ஆண் முதன்மைத் தொழிலாளர் 1,500. அதில் சொந்தச் சாகுபடி 190, விவசாயக் கூலி 160, ஆக 350. மீதி 1,150. அதை 1,500-ஆல் வகுத்தால் 76.7 சதவீதம். ஊர் நகரமாகிவிட்டது. அதே ஊரில் இன்னும் 30 ஆண்கள் வயல் வேலையில் இருந்திருந்தால் 74.7, ஊர் கிராமம்தான். முப்பது பேரில் தலையெழுத்து மாறும் அளவுக்கு விளிம்பில் நிற்கும் ஊர்கள் உண்டு.

வழக்கமாகத் தவறு நேரும் இடங்கள்: முதலாவது, 'மொத்தத் தொழிலாளர்' பத்தியை எடுத்துவிடுவது. ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவர்கள் மட்டுமே முதன்மைத் தொழிலாளர், ஆண்கள் பத்தி தனியே இருக்கும். இரண்டாவது, வீட்டுத் தொழில் செய்பவர்களை விவசாயத்தோடு சேர்ப்பது. நெசவும் பாய் முடைவதும் விவசாயமல்லாத பக்கம்தான் வரும்.

400 என்ற நெருக்க வரம்பு தமிழ்நாட்டில் அதிகம் வடிகட்டுவதில்லை. 2011-இல் மாநிலத்தின் சராசரியே 555. ஆகவே தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த 75 சதவீதம்தான். அதில் பெண்களைச் சேர்க்காதது பெரிய குறை என்பது என் கருத்து. ஆண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போக, நாற்று நடவும் களையெடுப்பும் பெண்களிடம் இருக்கும் ஊரை இந்த அளவுகோல் 'விவசாயமில்லாத ஊர்' என்று சொல்லிவிடும்.

நகரம் என்று வந்தால் வரி கூடுமோ, ஊரக வேலைத் திட்டம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். கணக்கெடுப்பின் வகைப்பாடு நிர்வாகத்தை மாற்றாது. அரசாணை போட்டுப் பேரூராட்சியாக்கினால்தான் அந்த மாற்றம் வரும்.

கேள்வி: நேபாளத்தில் 66 சதவீதம் நகரவாசிகளாமே? இந்தியாவை முந்திவிட்டதா?
— வாசகர், வில்லிவாக்கம்

2011-இல் நேபாளத்தில் 58 நகராட்சிகள், நகரப் பங்கு 17 சதவீதம். கூட்டாட்சி அமைப்பு வந்தபோது உள்ளாட்சிகளை 753 ஆகச் சுருக்கி, அதில் 293-ஐ நகராட்சி என்று அறிவித்தார்கள். மலையும் காடும் வயலும் அந்த எல்லைக்குள் வந்தன. 2021 கணக்கெடுப்பில் 66 சதவீதம் வந்தது இப்படித்தான். பாராட்ட வேண்டியது, அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பின்னர் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து மறுபடி அளந்ததை: நகரம் 27, நகர விளிம்பு 40, கிராமம் 33 சதவீதம் அளவில் வந்தது.

பாகிஸ்தான் 1981-இலிருந்து உள்ளாட்சி அந்தஸ்தையும் கன்டோன்மென்டையும் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) மட்டுமே பார்க்கிறது, 2023-இல் 38.8 சதவீதம். பூட்டானில் 1,500 பேர் இருந்தாலே, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், நகரம். சீனாவின் சோங்சிங் 'உலகின் மிகப் பெரிய நகரம்' என்று வரும் செய்தியை அப்படியே ஏற்காதீர்கள்: 3.2 கோடி பேர், ஆனால் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்.

கேள்வி: எல்லா நாட்டையும் ஒரே அளவுகோலில் அளக்க வழியே இல்லையா?
— கல்லூரி ஆசிரியை, தாம்பரம்

இருக்கிறது. 2020-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற கட்ட முறை. நாட்டை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். 1,500 பேருக்குக் குறையாத கட்டங்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து மொத்தம் 50,000 பேர் வந்தால் அது நகர மையம். மூலையில் மட்டும் தொடும் கட்டம் இதில் சேராது. 300 பேர் வரம்பில் மொத்தம் 5,000 வந்தால் சிறுநகரம். அங்கே மூலையும் சேரும். மாணவர்களுக்குச் செய்முறையாக வைக்கலாம்: ஐரோப்பிய ஆணையம் இந்தக் கட்டத் தரவை இலவசமாகத் தருகிறது, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்துவிடலாம்.

எச்சரிக்கையும் வேண்டும். இந்த 300 வரம்பு நம் பகுதிக்கு மிகத் தாழ்வு. வங்கதேசத்தில் சராசரியே ஆயிரத்துக்கு மேல், பீகாரிலும் 2011-இலேயே 1,106. நெல் வயல் சூழ்ந்த கிராமங்கள்கூட ஒன்றோடொன்று ஒட்டிச் சிறுநகரமாகிவிடும். நகர மையத்துக்கான 1,500 வரம்பைக் கையாண்டே ஐ.நா. 2025-இல் டாக்காவுக்குச் சுமார் 3.7 கோடி என்று கொடுத்தது. டாக்காவின் இரு மாநகராட்சிகளுக்குள் 2022-இல் எண்ணப்பட்டவர்களோ சுமார் ஒரு கோடிதான். இன்னொன்று, கட்டத்துக்குள் ஆட்களைப் பரப்புவது செயற்கைக்கோள் காட்டும் கட்டடப் பரப்பை வைத்து. காய்ந்த ஆற்று மணலையும் பாறையையும் அது கட்டடம் என்று எடுத்துக்கொள்வது உண்டு. பாலாற்றங்கரைக் கட்டங்களை மாணவர்கள் கண்ணால் சரிபார்க்கட்டும்.

கேள்வி: 2027 கணக்கெடுப்பில் எங்கள் பகுதி எந்த எல்லையில் வரும்?
— வாசகர், மேடவாக்கம்

2025 டிசம்பர் 31 அன்று எந்த உள்ளாட்சியில் இருந்ததோ அதில்தான். அன்றோடு நிர்வாக எல்லைகள் கணக்கெடுப்புக்காக முடக்கப்பட்டுவிட்டன. கணக்கு நேரம் 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. எல்லை முடக்கத்துக்குப் பிறகு ஏதாவது மாநகராட்சியோடு இணைத்தாலும் அட்டவணையில் பழைய பெயரிலேயே தேடுங்கள்.