பஸ் எல்லை தாண்டினாலும் சர்வரில் வேலை நிற்காமல் இருக்க

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருந்து தினமும் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். சித்தூர் தாலுகா நெல் வயல்களின் செயற்கைக்கோள் படங்களை அலசும் பைத்தான் நிரல் ஒன்று, மும்பையில் வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வரில் ஓடுகிறது. முடிய ஆறேழு மணி நேரம் ஆகும். காலையில் வீட்டில் ஓடவிட்டு, லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக்கொண்டு கிளம்புவேன். மாநில எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் வரும்போது, சர்வருக்குள் நுழைந்து கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு உறைந்துவிடும். மறுபடி உள்ளே போனால் நிரல் பாதியில் நின்றிருக்கும். இணைப்பு அறுந்தாலும் நிரலை ஓடவிடும் நோஹப் கட்டளையைப் போட்டால் ஓடுகிறது. ஆனால் எதுவரை வந்தது என்று தெரிவதில்லை, நடுவில் அது கேட்கும் கேள்விக்குப் பதில் தட்டவும் முடிவதில்லை. என்ன வழி?

பதில்: உங்கள் நிரலில் குறை ஒன்றும் இல்லை. அது யாரை நம்பி ஓடுகிறது என்பதில்தான் சிக்கல்.

எஸ்எஸ்ஹெச் இணைப்பு, இரு முனைகளின் ஐபி முகவரியோடும் போர்ட் எண்ணோடும் கட்டப்பட்டது. கேரளமும் தமிழ்நாடும் தனித்தனி தொலைத்தொடர்பு வட்டங்கள். எல்லையில் போன் ஒரு நெட்வொர்க்கை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும்போது முகவரி மாறிவிடலாம். மாறிவிட்டால் பழைய இணைப்புக்கு உயிர் இல்லை. சர்வர் கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருக்கும், பிறகு உங்களுக்காகத் திறந்த டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் திரையை, மூடிவிடும். மூடும்போது சிக்ஹப் என்ற சிக்னல் போகும்; அதில் உங்கள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லும் அதற்குக் கீழே ஓடிய நிரலும் சேர்ந்து முடிந்துவிடும். சில நாள் உடனே மறுபடி நுழைந்தபோது நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். தப்பித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், இணைப்பு போனதை சர்வர் அதுவரை கவனித்திருக்காது, அவ்வளவுதான்.

நோஹப் அந்த சிக்னலை மட்டும் தடுக்கும். கீபோர்டில் இருந்து வரும் உள்ளீட்டையும் துண்டித்துவிடுவதால்தான் உங்களால் பதில் தட்ட முடியவில்லை. வெளியீடு நோஹப்.அவுட் என்ற கோப்பில் சேரும், ஆனால் திறந்து பார்த்தால் அநேகமாகக் காலியாக இருந்திருக்கும். பைத்தான் திரைக்கு எழுதும்போது வரிவரியாக அனுப்பும். கோப்புக்கு எழுதும்போது சேர்த்துவைத்து மொத்தமாகத் தள்ளும். பைத்தான்3 என்பதற்குப் பிறகு மைனஸ் யு சேர்த்து ஓட்டினால் உடனுக்குடன் எழுதும். கேள்வியே கேட்காத நிரலுக்கு இது போதும். உங்களுக்குப் போதாது.

உங்களுக்கு வேண்டியது டீமக்ஸ். சர்வரில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டீமக்ஸ் என்று ஒருமுறை நிறுவினால் போதும். இது சர்வரின் உள்ளேயே ஒரு டெர்மினலைத் திறந்து வைத்துக்கொள்ளும். உங்கள் நிரல் அந்த உள் டெர்மினலில் ஓடும். லேப்டாப்பில் தெரிவது அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல் மட்டும். எஸ்எஸ்ஹெச் அறுந்தால் ஜன்னல் மூடும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

ஒரு விஷயத்தை அழுத்தியே சொல்கிறேன். டீமக்ஸைத் தொடங்க வேண்டியது சர்வரில், லேப்டாப்பில் அல்ல. முதலில் எஸ்எஸ்ஹெச், உள்ளே போனதும் டீமக்ஸ், அதற்கப்புறம்தான் நிரல். லேப்டாப்பில் டீமக்ஸைத் திறந்து அதற்குள் இருந்து எஸ்எஸ்ஹெச் போனால், அறுகிற இணைப்பு அறுந்துதான் போகும்.

கட்டளைகள் நிறைய உண்டு. நான் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன்: டீமக்ஸ், நியூ, மைனஸ் பெரிய ஏ, மைனஸ் சிறிய எஸ், கடைசியில் நீங்கள் வைக்கும் பெயர். வயல் என்று ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் செஷன், அதாவது டீமக்ஸ் திறந்து வைத்த உள் டெர்மினல், இருந்தால் அதோடு சேர்க்கும், இல்லாவிட்டால் புதிதாகத் திறக்கும். காலையில் வீட்டிலும் இதே வரி, கோயம்புத்தூரில் இறங்கிய பிறகும் இதே வரி.

நீங்களாக விலக, கன்ட்ரோலோடு ஏ-க்கு அடுத்த பி-யை அழுத்தி, இரண்டையும் விட்டுவிட்டு, டிடாச்சின் முதல் எழுத்தான டி-யைத் தட்டுங்கள். பழைய வரிகளை மேலே போய்ப் பார்க்க அதே கன்ட்ரோல் பி-க்குப் பிறகு இடது சதுர அடைப்புக்குறி. வெளியே வர கியூ. டீமக்ஸ் இயல்பாக 2000 வரிகளை மட்டுமே நினைவில் வைக்கும். ஆறு மணி நேர நிரலுக்கு அது பற்றாது, அதனால் வெளியீட்டை டீ-ஈ-ஈ என்ற மூன்றெழுத்துக் கட்டளை வழியாக ஒரு கோப்பிலும் எழுதவிடுங்கள். அப்போதும் பைத்தானுக்கு அந்த மைனஸ் யு அவசியம்.

நிறுவ அனுமதி இல்லாத வேறு சர்வரில் வேலை பார்க்க நேர்ந்தால், ஸ்க்ரீன் இருக்கிறதா என்று பாருங்கள். 1987-இல் இருந்து இருக்கும் பழைய கருவி, இதே வேலையைச் செய்யும். அங்கே பி-க்குப் பதில் ஏ. திரும்பச் சேர ஸ்க்ரீன் மைனஸ் ஆர்.

சரி, நிரல் பிழைத்துவிட்டது. பஸ்ஸிலேயே உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும் என்றால் மோஷ் என்ற இணைப்புக் கருவி இருக்கிறது. எம்ஐடியில் உருவாகி 2012-இல் வெளிவந்தது. உள்ளே நுழைய மட்டும் எஸ்எஸ்ஹெச்சைப் பயன்படுத்தி, அப்புறம் நிலையான இணைப்பு தேவைப்படாத யுடிபி என்ற அனுப்பும் முறைக்கு மாறிவிடும். உங்கள் முகவரி மாறினாலும், புது முகவரியில் இருந்து வரும் முதல் பாக்கெட்டிலேயே சர்வர் அதைப் புரிந்துகொண்டு தொடரும். எல்லை தாண்டும் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. இரண்டு முனையிலும் நிறுவ வேண்டும்; சர்வரை வாடகைக்குத் தந்தவர்களின் ஃபயர்வால் பக்கத்தில் யுடிபி போர்ட் 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும். மோஷ் வந்துவிட்டது என்று டீமக்ஸை விட்டுவிடாதீர்கள். லேப்டாப் பேட்டரி தீர்ந்து அணைந்தால் அந்த மோஷ் இணைப்பைத் திரும்பப் பிடிக்க முடியாது. பழைய வரிகளைப் பார்க்கும் வசதியும் மோஷில் இல்லை. மோஷில் உள்ளே போய், அங்கே டீமக்ஸ்: இதுதான் நான் சொல்லும் அமைப்பு.

இன்றைக்கே நிரலை நேரடியாக ஓடவிட்டுவிட்டீர்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றால், கன்ட்ரோல் இசட் அழுத்தி நிறுத்தி, பிஜி என்று தட்டுங்கள், பின் டிஸ்ஓன் என்று தட்டுங்கள். ஷெல் போகும்போது நிரலையும் இழுத்துப் போகாது. ஆனால் இணைப்பு போன பிறகு அது திரைக்கு எழுதப் போனாலோ உங்களிடம் எதையாவது கேட்டாலோ மாட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டீமக்ஸாலும் முடியாதது ஒன்று உண்டு: சர்வரே ரீபூட் ஆனால் எல்லா செஷனும் போய்விடும். அதற்கு மருந்து நிரலுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் முடித்ததும் அதன் விடையை சர்வரின் டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதச் சொல்லுங்கள், தொடங்கும்போது விடை ஏற்கெனவே இருக்கும் படங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். எழுதும்போது தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகு சரியான பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பாதி எழுதிய கோப்பையும் முடிந்ததாக அது கணக்கில் எடுத்துக்கொள்ளும்.