டர்பனிலிருந்து இரண்டு நாளில் கோல்டன் கேட் பூங்காவில் குகை, பாறை, விலங்கு மூன்றையும் பார்க்க முடியுமா? எட்டு வயதுப் பையனும் முழங்கால் வலியுள்ள மாமியாரும் கூட வருகிறார்கள்.

முடியும். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்பும் முன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். இது விலங்குகளுக்குப் பேர்போன க்ரூகர் தேசியப் பூங்கா இல்லை. சிங்கம், யானை, காண்டாமிருகம் எதுவும் கிடையாது. இங்கே பாறைதான் மூலவர், விலங்குகள் பரிவாரம். சிங்கம் இல்லாததில் ஒரு வசதியும் இருக்கிறது: காரை விட்டு இறங்கி நடக்கலாம். காருக்குள்ளேயே உட்கார்ந்து சுற்றிவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் பூங்காவின் பாதியைப் பார்க்கவில்லை.

பூங்கா தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் மலுட்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. 1963இல் தேசியப் பூங்கா ஆனது. பிறகு பக்கத்திலிருந்த குவாகுவா பூங்காவும் சேர்ந்து இப்போது சுமார் 340 சதுர கிலோமீட்டர். க்ரூகரோடு ஒப்பிட்டால் கைக்குட்டை அளவுதான் என்பதால் ஒன்றரை நாள் போதும்.

வழி எளிது. என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித், அங்கிருந்து ஆர்712இல் புதடிஜாபா வழியாகப் பூங்கா. நிறுத்தி நிறுத்திப் போனால் நாலரை, ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை தருவது வான் ரீனென் கணவாய்: லாரிகள், மூடுபனி, குளிர்காலத்தில் சில நாள் பனி விழுந்து சாலையையே மூடிவிடுவார்கள். ஹாரிஸ்மித்தில் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு சாலையில் குழிகளும் மாடுகளும் உண்டு, ஆகவே இருட்டில் ஓட்ட வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

ஆர்712 பொதுச்சாலை, பூங்காவின் நடுவே போகிறது. அதனால் நுழைந்தது தெரியாமலே பலர் உள்ளே வந்துவிடுகிறார்கள். வெறுமனே கடந்து போவதற்குக் கட்டணம் இல்லை. நடைபாதை, சுற்றுச்சாலை எதையாவது பயன்படுத்தினால் க்ளென் ரீனென் முகாம் வரவேற்பறையில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு. பெரியவர்கள் எல்லாருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து விருந்தாளி யாராவது கூட வந்தால் பாஸ்போர்ட் அவசியம். வைல்ட் கார்டு என்ற பூங்காக்களுக்கான ஆண்டுச்சீட்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி குகைக்கு வருவோம். பையன் படத்தில் பார்த்த சுண்ணாம்புத் தொங்கல்களை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவான். இவை சுண்ணாம்புக் குகைகள் இல்லை, மணற்கல் குடைவுகள். கீழே சிவந்த களிக்கல், நடுவே வெளிர்மஞ்சள் மணற்கல், உச்சியில் கறுத்த பசால்ட், அதாவது ஆறிய எரிமலைக் குழம்பு: மலை முழுக்க இந்த அடுக்குதான். நடுவில் இருக்கும் மணற்கல், ஒரு காலத்தில் இங்கே பாலைவனமாக இருந்தபோது காற்று குவித்த மணல் மேடுகள் இறுகியது. மழைநீர் அதற்குள் ஊறி இறங்கும், அடியில் தண்ணீர் புகாத அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் கசியும். கசியும் இடத்தில் ஈரமும் உப்பும் இரவு உறைபனியும் சேர்ந்து கல்லைச் செதிள் செதிளாக உரிக்கும். அடிப்பகுதி உள்வாங்கிப் போக, மேற்பகுதி கூரையாக நீட்டிக்கொண்டு நிற்கும். இதனால்தான் குகைகள் வாய் அகலமாக இருக்கின்றன. பெரும்பாலும் டார்ச் தேவைப்படாது. மழை இல்லாத நாளிலும் சுவர் ஈரமாக இருக்கக் காரணமும் இதுவே. ஆனால் ஒன்று: செதிள் உரியும் கல்லைப் பிடித்து ஏறினால் கையோடு வந்துவிடும். பையனைப் பாதையை விட்டு ஏற விடாதீர்கள்.

மாமியாரை வைத்துக்கொண்டு எந்தப் பாதை? க்ளென் ரீனென் முகாமிலிருந்து பல பாதைகள் பிரிகின்றன. எக்கோ ரவீன் என்கிற இடுக்கு குட்டையான நடை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் நிழல். பையன் கத்திப் பார்க்க ஏற்ற இடம். குடைக்காளான் பாறைகளுக்குப் போகும் பாதையும் நீளம் இல்லை. இரண்டிலும் படியும் ஏற்றமும் உண்டு என்பதால் முழங்கால் வலிக்காரர் முதல் பகுதி வரை வந்து உட்கார்ந்துகொள்வது நல்லது. இறங்கும்போதுதான் முழங்கால் சொல்லும், எனவே ஊன்றுகோல் ஒன்று வேண்டும். பூங்காவின் அடையாளமான பிராண்ட்வாக் பாறைமுகட்டில் ஏறுவது வேறு கதை. கடைசிப் பகுதி செங்குத்து. நீங்களும் கணவரும் முறைவைத்துப் போய்வாருங்கள்.

கதீட்ரல் குகைதான் இருப்பதில் பெரியது. வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், முன்பதிவு வேண்டும், அரை நாள் பிடிக்கும். மொட்டைத்தலை அரிவாள்மூக்கன் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் விட மாட்டார்கள். தொலைபேசியில் முதலில் இதைக் கேட்டுவிட்டு அறையைப் பதிவு செய்யுங்கள். மாமியாருக்கு இது வேண்டாம்.

நேரம் முக்கியம். நடையெல்லாம் காலையில், காரில் சுற்றுவது மாலையில். கோடையில், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை, பிற்பகல் இடிமழை சாதாரணம். வெட்டவெளி முகட்டில் நிற்கும்போது மின்னல் வந்தால் ஒதுங்க இடமில்லை. நனைந்த மணற்கல் வழுக்கும், இடுக்குகளில் தண்ணீர் சட்டென்று ஏறும். மதியம் ஒரு மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் பிளெஸ்பாக், ஓரிபி என்ற இரண்டு சுற்றுச்சாலைகள். மாமியாருக்கு இவைதான் சரி. கறுப்பு வில்டபீஸ்ட், நெற்றி வெள்ளையான பிளெஸ்பாக் மான், வரிக்குதிரை, ஈலண்ட் என்ற பெரிய மான் எல்லாம் திறந்த புல்வெளியில் மேயும். வில்டபீஸ்டை வெள்ளை வாலை வைத்து அடையாளம் காணலாம். ஓரிபி சுற்றில் பிணந்தின்னிக் கழுகுகளைப் பார்க்கும் மறைவுக்கூடம் ஒன்று உண்டு. இரை போட்டிருந்தால்தான் பறவை வரும், வரவேற்பறையில் கேட்டுவிட்டுப் போங்கள். தாடிக்கழுகு தென்னாப்பிரிக்காவில் இந்த மலைத்தொடரை விட்டால் வேறெங்கும் கிடையாது. எலும்பை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைத்து மஜ்ஜையைத் தின்னும். பைனாகுலர் இல்லாமல் இதற்குப் போவது வீண்.

வெயில் சாயும் கடைசி ஒரு மணி நேரத்தில் பாறைமுகம் பொன்னிறமாகும். அந்த நேரத்தில் சமையலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மழையில் மாட்டினால் டைனோசர் மையம் இருக்கிறது. பையனுக்கு ஒருவேளை அதுதான் பிடிக்கும். இந்தப் பூங்காவில்தான் 1976இல் ஜேம்ஸ் கிட்சிங், மாசோஸ்பாண்டிலஸ் என்ற டைனோசரின் முட்டைகளைக் கண்டெடுத்தார். உள்ளே கருவோடு இருந்த அவற்றின் வயது சுமார் 19 கோடி ஆண்டுகள்.

உடை விஷயத்தில் டர்பன்காரர்கள் ஏமாறுவார்கள். முகாமே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். குடும்பத்தோடு என்றால் ஏப்ரல், மே மாதம் நல்லது: மழை குறைந்திருக்கும், குளிர் முழுதாக இறங்கியிருக்காது. ஏறும்போது மூச்சு வாங்கினால் உயரமும் காரணமாக இருக்கலாம், மெதுவாகப் போங்கள். செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். பஃப் ஆடர் விரியன் பாதையிலேயே படுத்திருக்கும், விலகவும் விலகாது.

சாப்பாட்டுக்கு, சமையலறை உள்ள ரொண்டாவெல் என்ற வட்டக் குடில் எடுங்கள். புரட்டாசி விரதத்தில் போகிறவர்கள் பீன்ஸ் கறியும் ரொட்டியும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நிம்மதி. உணவகத்தை நம்பினால் சிப்ஸ்தான். ப்ராய், அதாவது வெளியில் நெருப்பில் சுட்டுச் சமைப்பதானால் விறகைக் கடையில் வாங்குங்கள், காட்டில் பொறுக்கக் கூடாது. ஆகஸ்ட், செப்டம்பரில் புல் காய்ந்து கிடக்கும், ஒரு கங்கு பறந்தால் மலையே பற்றும். பபூன் குரங்குகளுக்குக் கதவைத் திறக்கத் தெரியும். வெளியே போகும்போது ஜன்னலையும் சேர்த்துப் பூட்டுங்கள், பழக்கூடையை மேசைமேல் வைக்காதீர்கள்.