தாமதமாக வந்த பெண்

அன்புள்ள ஐயா,

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை நியூயார்க் லிங்கன் சென்டருக்கு பாலே பார்க்க அழைத்துப் போனேன். ஒரே மாலையில் மூன்று சிறிய பாலேக்கள்: ‘செரினேட்’, ‘அகான்’, ‘சிம்பனி இன் சி’. மூன்றும் ஜார்ஜ் பாலன்சின் என்ற நடன அமைப்பாளர் அமைத்தவை. எதிலும் கதை கிடையாது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். “அந்தப் பொண்ணு மட்டும் ஏன் லேட்டா வருது?” “விழுந்துடுச்சே, அடிபட்டிருக்குமா?” “என்ன, ஒத்திகை டிரஸ்லயே வந்துட்டாங்க?” பக்கத்து இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. இடைவேளையில் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. அடுத்த முறை என்ன சொல்லி அழைத்துப் போவது?

சு., நியூ ஜெர்ஸி

அன்புள்ள சு.,

ஒன்றும் சொல்லாமல் அழைத்துப் போங்கள். அம்மா கேட்ட மூன்றுமே சரியான கேள்விகள்.

பாலன்சின் அமெரிக்கா வந்து அமைத்த முதல் பாலே ‘செரினேட்’. 1934இல், அப்போதுதான் தொடங்கியிருந்த பாலே பள்ளியின் மாணவிகளுக்கு மேடைப் பழக்கம் வருவதற்காக ஆரம்பித்தது. முதல் நாள் வந்தவர்கள் 17 பேர்; அதனால்தான் இன்றும் திரை விலகும்போது 17 பேர் நிற்கிறார்கள். அடுத்த வகுப்புக்கு 9 பேர், அப்புறம் 6 பேர். வந்தவர்களை வைத்துக்கொண்டு அன்றன்றைய பகுதியை அமைத்தார். ஒருநாள் ஒரு பெண் தாமதமாக வந்தாள். இன்னொருநாள் ஒருத்தி விழுந்து அழுதாள். இரண்டையும் நடனத்திலேயே சேர்த்துக்கொண்டார், அழுகையை மட்டும் விட்டுவிட்டு. மற்றவர்கள் வெளிச்சத்தை மறைப்பதுபோல் வலக்கையை உயர்த்தி நிற்க, அந்த ஒருத்தி வரிசைகளுக்கு நடுவே தன் இடத்தைத் தேடி நடந்து வருகிறாளே, அதை அம்மா கவனித்திருக்கிறார். நீங்கள் பக்கத்து இருக்கையைக் கவனித்திருக்கிறீர்கள்.

ஒத்திகை உடையும் அப்படித்தான். ‘அகான்’ ஆடுவதே கறுப்பு வெள்ளைப் பயிற்சி உடையில். உடம்பு செய்வது எதுவும் துணிக்குள் மறைவதில்லை. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை முதல் தடவை கேட்பவருக்குக் கரடுமுரடாக இருக்கும், அம்மா கண்ணயர்ந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் ஜோடி நடனம் வரும்போது எழுப்பிவிடுங்கள். 1957இல் அதை முதலில் ஆடியவர்கள் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணும் ஆர்தர் மிட்செல் என்ற கறுப்பின இளைஞரும். அமெரிக்காவின் தெற்கே லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்துவந்த பள்ளிக்குள் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேரைக் கொண்டுபோக ராணுவம் வரவேண்டியிருந்த அதே ஆண்டு. அந்த இருவரும் கையோடு கை பின்னி ஆடியதைப் பார்த்தவர்கள், கதை எங்கே என்று தேடியிருக்க மாட்டார்கள்.

‘சிம்பனி இன் சி’க்கு யாருக்கும் விளக்கம் வேண்டாம். பிஸே 17 வயதில் எழுதிய இசை. முடிவில் ஐம்பது பேருக்கு மேல் மேடையை நிறைத்துவிடுவார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அடுத்த முறை மேல் அடுக்கில் டிக்கெட் எடுங்கள். வரிசைகள் கலைந்து சேர்வது அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும், விலையும் குறைவு. ஓர இருக்கையை அம்மாவுக்குக் கொடுங்கள். பக்கத்தில் நீங்கள் மட்டும்தானே, காதோடு தாராளமாகக் கேட்கட்டும்.